சாப்பாட்டைக் கண்டதும் பாயும் முயல்: எந்த வழி சரிப்படும்?

எங்கள் பெண் முயல் மல்லிக்கு அப்போது ஏழு மாதம். காலையில் பெல்லட் (கடையில் விற்கும் அழுத்திய தீவனத் துண்டுகள்) கிண்ணத்தோடு கூண்டுக் கதவைத் திறந்தால் போதும், காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், வால் நிமிரும், தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். அடுத்த நொடி முன்னங்கால்கள் என் மணிக்கட்டில் இருக்கும். முதல் இரண்டு வாரம் கீறலோடு போனது. மூன்றாவது வாரம் கட்டைவிரலுக்குக் கீழே கடித்துவிட்டாள். முயல் கடித்தால் இவ்வளவு ரத்தம் வருமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட்டவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மூக்கில் லேசாகத் தட்டு என்றார் ஒருவர். கருத்தடை ஆபரேஷன் பண்ணினால் சாதுவாகிவிடும் என்றார் இன்னொருவர். கையாலேயே ஊட்டிப் பழக்கு என்றார் மூன்றாமவர். எதையும் கேட்காமலே அம்மா சொன்னது இது: "அதுக்குப் பசிக்குதுடா. ரெண்டு வேளை ஒரு கைப்பிடி போட்டா அது என்ன பண்ணும்?" நான்கு மாதம் இந்த வழிகளில் சிலவற்றைச் செய்துபார்த்தேன், சிலவற்றை விசாரித்துவிட்டுத் தள்ளிவைத்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் எதை முதலில் எடுக்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வழியைத் தேடும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காசும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். முயலைக் கூண்டுக்கு வெளியே, அது வழக்கமாக உலாவாத ஓர் இடத்தில், சமையலறைத் தரையிலோ மாடிப் படிக்கட்டுப் பக்கமோ விட்டு, அங்கே அதே கிண்ணத்தை வையுங்கள். அங்கேயும் பாய்ந்தால் அது சாப்பாட்டைக் காக்கிறது. அங்கே சாதுவாகத் தின்றுவிட்டு, கூண்டுக்குள் மட்டும் பாய்ந்தால் அது காப்பது தன் இடத்தை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இந்த இரண்டுக்கும் மருந்து வேறு.

முயல் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பழைய பாடம். இனச்சேர்க்கைக்குப் பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்கு எடுத்துப் போவார்கள், ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடமாட்டார்கள். பெண் தன் கூண்டுக்குள் வரும் எதையும் எதிரியாகப் பார்த்துக் கடித்துக் குதறிவிடும். நம் ஊர்க் கடைகளில் வாங்கும் முயல்களில் பெரும்பாலானவை நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பண்ணை இனங்களின் கலப்புதான். கிண்ணத்தோடு உள்ளே நுழையும் கையை அந்தப் பெண் முயல் எப்படிப் பார்க்கும் என்று யோசித்தால், கடிபட்ட கோபம் பாதி இறங்கிவிடும். மல்லி வெளியில் ஒருமுறைகூடப் பாயவில்லை. எங்கள் வீட்டில் அது முக்கால் பங்கு இடப் பிரச்சினை, கால் பங்கு பசி.

இன்னொன்றும் உண்டு. இதுவரை சாதுவாக இருந்த முயல் திடீரென்று சீறத் தொடங்கினால் பயிற்சியைப் பற்றி யோசிக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை. சரியாகத் தேயாவிட்டால் கடைவாய்ப்பல் முள்ளாகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். கிண்ணத்திடம் ஆசையாக ஓடிவந்து, ஒரு வாய் எடுத்துவிட்டு, எரிச்சலோடு திரும்பும் முயலுக்கு வாயில் வலி இருக்கலாம். பெண் முயலுக்குப் பொய்க்கர்ப்பமும் காரணமாகலாம். இரண்டரை வாரம் போல நீடிக்கும், தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், யாரையும் அண்ட விடாது. அது தானாகவே அடங்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, சாப்பாடு போடும் முறையை மாற்றுவது. நான் இதைத்தான் முதலில் வைப்பேன். காரணம் எளிது: முயல் கிண்ணத்தில் சாப்பிடப் பிறந்த விலங்கு இல்லை. விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து, நடந்து நடந்து, ஒரு நாளில் பல மணி நேரம் புல் மேய்வது அதன் இயல்பு. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அப்படிப்பட்ட உயிருக்கு நாம் காலையிலும் மாலையிலும் ஒரு கிண்ணம் பெல்லட்டைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் அது தீர்ந்ததும் மீதி நாளெல்லாம் வெறும் கம்பிக்கூண்டைக் கொடுக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அது சண்டை போடாமல் என்ன செய்யும்?

எனவே முதலில் புல். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும், இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வெளிநாட்டுத் திமோத்திப் புல் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் அருகம்புல்லும் பண்ணைக்காரர் ஒருவர் தரும் கோ-4 தீவனப்புல்லும்தான். அலசி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறோம். சாலையோரப் புல் வேண்டாம். வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், சாப்பாடாக எண்ணக் கூடாது, அதில் சத்து குறைவு. குதிரைமசால், அகத்தி, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவைதான், ஆனால் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாக. பொரி, பிஸ்கட், சோறு இவற்றை அறவே நிறுத்துங்கள். மாவுச்சத்தின் ருசி கண்ட முயல் கையைக் கண்டதும் பாய்வதற்கு அந்த ருசியே ஒரு காரணம்.

அடுத்தது பெல்லட். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் தேவையில்லை. இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம் என்றாகிறது. அந்த ஐம்பது கிராமைக் கிண்ணத்தில் கொட்டாமல் புல்லுக்குள் தூவினேன். முட்டை அட்டையின் குழிகளில் பத்துப் பத்தாகப் போட்டு மேலே புல்லைத் திணித்தேன். பூச்சு எதுவும் இல்லாத பனையோலைப் பெட்டி ஒன்றில் போட்டு மூடி, அவளையே பிரித்துத் தின்ன விட்டேன். பத்து நிமிடச் சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. காக்க ஓர் இடம் இல்லாதபோது எதைக் காப்பாள்? கிண்ணம் என்ற பொருளே போன மூன்றாம் நாள் உறுமல் குறைந்தது.

இதோடு இன்னொரு மாற்றமும் செய்தேன். மல்லி வெளியே உலாவும் நேரத்தில் மட்டும் கூண்டுக்குள் புல்லை நிரப்பினேன், சுத்தம் செய்தேன். அவள் உள்ளே இருக்கும்போது என் கை உள்ளே போகாது. இடத்தைக் காக்கும் முயலுக்கு இதைவிட நேரடியான வழி எதுவும் எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது சாப்பாடு தானாக வந்து கிடக்கிறது, படையெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை.

இந்த வழியின் குறை என்னவென்றால், இது முயலுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. பாயும் சூழ்நிலையை நீக்குகிறது, அவ்வளவுதான். நீங்கள் ஊருக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் பழையபடி கையை நீட்டினால் கடி வாங்குவார். பலருக்கு இந்த அளவே போதும். எனக்குப் போதவில்லை. மருந்து கொடுக்கவும் நகம் வெட்டவும் அவள் என்னை நம்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி அதற்குத்தான்: கை வந்தால் நல்லது வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். முதலில் ஓர் உடல்கூறு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வரும் பருந்துகூட அதற்குத் தெரியும், ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. அங்கே மீசையையும் உதட்டையும் வைத்துத்தான் தடவிப் பார்க்கும். நாய்க்கு நீட்டுவதுபோல மூக்குக்கு அடியில் விரலை நீட்டினால், விரல் எது கொத்தமல்லி எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்க முடியாது. என் முதல் கடி அப்படி வந்ததாகவே இப்போது நினைக்கிறேன்.

நான் தொடங்கியது நீளக் காம்பு வைத்த மர அகப்பையில். அதன் நுனியில் ஒரு புதினா இலை. கூண்டுக்கு வெளியே, அவளுக்கு ஓர் அடி தள்ளித் தரையில் வைத்து நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். தின்றுவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள். அவள் காது தளர்வாக இருக்கும் வரைதான். பின்னால் சாயத் தொடங்கினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது. ஒரு வாரத்தில் காம்பைப் பாதியில் பிடித்தேன். இரண்டாம் வாரம் அகப்பை போய், நீளத் தண்டோடு ஒரு கொத்தமல்லிக் கொத்து. மூன்றாம் வாரம் திறந்த உள்ளங்கை தரையில், அதன் மேல் நாலைந்து பெல்லட். கை எப்போதும் பக்கவாட்டிலிருந்து வரும், முதலில் இரு காதுகளுக்கு நடுவே நெற்றியில் ஒரு தடவல், பிறகுதான் சாப்பாடு. இதெல்லாம் நன்றாக நடந்த பிறகே கூண்டு வாசலிலும் பிறகு கூண்டுக்குள்ளும் அதே வரிசையை முதலிலிருந்து செய்தேன். மொத்தம் ஆறு வாரம்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முயல் பாய்ந்ததும் நாம் கையை வெடுக்கென்று இழுக்கிறோம். அது இயல்பு. ஆனால் பாய்ந்தால் கை ஓடிவிடும் என்பதை அது அந்த நொடியே கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் வேகமாகப் பாய்கிறது. அதற்காகக் கடிவாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. பாய்ச்சலே வராத தூரத்தில் தொடங்க வேண்டும் என்கிறேன். அகப்பைக் காம்பு அதற்காகத்தான். தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டால் நம் நடுக்கமும் குறையும். கையுறையின் வாசனை மாறாமல் ஒரே ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி முயலின் சூழலை மாற்றுகிறது, இரண்டாவது அதன் மனதை மாற்றுகிறது. நேரம் என்று பார்த்தால் முதலாவது சில நாளில் பலன் தரும், இரண்டாவதுக்கு வாரங்கள் ஆகும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் வழியை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். ஒருவர் அமைதியாகச் செய்வதை இன்னொருவர் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிட முடியும், குழந்தையின் விரல் பெல்லட் அளவுதான் இருக்கும்.

கிளிக்கர் என்ற டிக் டிக் கருவியை வைத்துப் பழக்குவதையும் சிலர் சொல்வார்கள். சத்தம் கேட்டால் தின்பண்டம் என்று முதலில் பதியவைத்து, பிறகு பின்வாங்கி நிற்பது, பாயில் உட்காருவது போன்ற நல்ல செயல்களுக்கு அந்தச் சத்தத்தைக் கொடுப்பது. முயல் இதை நன்றாகவே கற்கும். கையைப் பார்த்தாலே பயப்படும் முயலுக்கு இது இரண்டாம் கட்டம்தான், தொடக்கம் இல்லை.

மூன்றாவது, கருத்தடை ஆபரேஷன். இங்கேதான் நான் அதிக நாள் யோசித்தேன். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முயல் பருவத்துக்கு வருகிறது, கூண்டைக் காக்கும் வேகம் அப்போதுதான் ஏறுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்மோன் அடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதன் பிறகு இடத்துக்காகப் பாய்வது பல முயல்களில் தெளிவாகக் குறையும். பெண் முயலுக்கு இன்னொரு பெரிய நன்மையும் இருக்கிறது. இனத்தைப் பொறுத்து மாறினாலும், நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருவது. கருத்தடை அந்த ஆபத்தை நீக்குகிறது.

மறுபக்கம் மயக்க மருந்து. 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், மயக்கம் கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்திருந்தன. முயல்களில் அது 1.39 சதவீதம். உடல்நலத்தோடு இருந்த முயல்களை மட்டும் பார்த்தால் 0.73. முயல்களை அடிக்கடி பார்க்கும் ஒரு நாட்டின் கணக்கே இப்படி. நம் ஊரில் நாய் பூனை பார்க்கும் டாக்டர்கள் நிறைய, முயலுக்குக் கத்தி பிடித்தவர்கள் குறைவு. எனவே கேள்வி ஆபரேஷன் நல்லதா என்பதில் இல்லை, யார் செய்கிறார் என்பதில் இருக்கிறது. நான் முதலில் போன ஒரு கிளினிக்கில், முந்தின இரவிலிருந்து சாப்பாடு கொடுக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். நாய்க்கு அது சரி, வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடக் கூடாது என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, பட்டினி போட்டால் குடல் நின்றுபோகும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஆபரேஷனுக்கு முன் பட்டினி போட வேண்டுமா? பதிலிலேயே தெரிந்துவிடும். மாதம் எத்தனை முயலுக்குச் செய்கிறீர்கள், வலிக்கு என்ன கொடுப்பீர்கள் என்பவை அடுத்த கேள்விகள். சென்னையில் வேப்பேரி, மற்ற பக்கங்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே விசாரித்துத் தொடங்கலாம்.

ஆபரேஷன் பசியை மாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம். சோதனையில் கூண்டுக்கு வெளியேயும் சாப்பாட்டுக்காகப் பாய்ந்த முயலுக்கு, இதை மட்டும் நம்பிச் செலவு செய்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மல்லிக்கு ஆபரேஷன் செய்வது என்று முடிவெடுத்தேன், கடிக்காக இல்லை, புற்றுநோய்க்காக. நல்ல டாக்டர் கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தோம். அதற்குள் கடி நின்றுவிட்டிருந்தது.

நான்காவது, தட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது, கத்துவது, மல்லாக்கப் புரட்டிப் பிடிப்பது. இவற்றை ஒப்பீட்டில் சேர்ப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதிகமாகச் சொல்லப்படுவது இவைதான். மல்லாத்திப் பிடித்ததும் முயல் அசையாமல் கிடக்கும், சாந்தமாகிவிட்டது என்று நினைப்போம். அது பருந்தின் காலில் மாட்டிய முயல் செத்ததுபோல் கிடப்பது, உள்ளே இதயம் பயத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியிலிருந்து உதறினால் முதுகெலும்பே முறியலாம், அவ்வளவு மெல்லிய எலும்பு, அவ்வளவு வலுவான பின்னங்கால். மூக்கில் தட்டினால் கை ஆபத்தானது என்று அது ஏற்கெனவே நினைத்திருந்ததை நாமே உறுதிப்படுத்துகிறோம். நான் இரண்டு தடவை தட்டினேன். அந்த வாரம்தான் கடி வந்தது.

இரண்டு முயல்கள் ஒன்றோடொன்று சாப்பாட்டுக்குச் சண்டை போட்டால் கணக்கு வேறு. அங்கே கையைப் பழக்குவது உதவாது. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி போலத் திரிந்த இரண்டு ஆண் முயல்கள் ஐந்தாம் மாதத்தில் ரத்தம் வரச் சண்டை போட்டன. கிண்ணத்தை மூலையில் வைத்ததும் ஒரு காரணம், பின்னால் போக வழி இல்லாத முயல் சண்டையைத்தான் தேர்ந்தெடுக்கும். புல்லை நான்கைந்து இடத்தில் பரப்பி, எதுவும் மூலையில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சின்ன உரசல்கள் தீரும். ஒன்றை ஒன்று துரத்திக் கடித்து முடி பிடுங்கும் நிலை வந்துவிட்டால் அன்றே பிரித்துவிடுங்கள், கம்பிக்கு இருபுறமும் பார்த்துக்கொள்ளும்படி. கருத்தடைக்குப் பின் மெதுவாகச் சேர்க்கலாம்.

எதை யார் எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், கூண்டுக்குள் மட்டும் பாயும் முயலுக்குக் கையை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டுப் புல்லையும் தூவலையும் தொடங்குங்கள், இரண்டு வாரம் பாருங்கள். வெளியேயும் பாயும் முயலுக்கு இரவு பகல் தீராத புல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு அகப்பை. தீவனத்தைப் புல்லுக்கு மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாமல் பத்து நாள் எடுத்துச் செய்யுங்கள், குடல் தாங்காது. ஆறு மாதம் தாண்டிய பெண் முயல் என்றால், இதெல்லாம் நடக்கும்போதே நல்ல டாக்டரைத் தேடத் தொடங்கிவிடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முயலை வெளியில் நாயோ பூனையோ எலியோ கடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோடையில் பின்வாங்கல் வரும். மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் மல்லி மறுபடி எரிச்சலானாள். முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் தாங்காது, எங்களுக்கு நாற்பது. ஈரத் தரையும், தண்ணீர் உறையவைத்த பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி அருகில் வைத்ததும் உதவின. பயிற்சியை விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினேன், மூன்று படி பின்னால் போய் மறுபடி அகப்பையில் தொடங்கினேன். இந்த முறை ஒன்பது நாளில் உள்ளங்கைக்கு வந்துவிட்டாள். இப்போது காலையில் அம்மாதான் போடுகிறார். ஓலைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "வா மல்லி" என்று கூப்பிட்டு, நெற்றியைத் தடவிவிட்டு எழுந்து போகிறார்.